சீப்பில் சிக்கிய விதை

“நம்ம தோப்பை வெட்டி மனை போட்டா, இங்கேயும் பார்த்தீனியம் வந்துடுமேங்க?”

“வந்தா பிடுங்கிப் போட்டுக்கலாம்டி. ஒரு செடிக்கா பயப்படறே?”

பத்து வருடங்களுக்கு முன் கணவர் குழந்தைவேலு சிரித்துக்கொண்டே சொன்னதைத் தெய்வானை மறக்கவில்லை. தோப்பு போனது. விற்காத மனைகளிலெல்லாம் பார்த்தீனியம் பூத்தது. இப்போது துணியில் அதன் விதை ஒன்று இருந்தாலும், அங்கேயும் பரவிவிடும் என்று மலைக்குள் விடமாட்டார்கள். மகள் மதுரவல்லி வாழ்க்கைப்பட்டிருப்பது மலைக்குள்தான். மலையடிச் சாவடியில், வருகிறவர்களின் துணியைச் சீப்பால் வாரிப் பார்ப்பது குழந்தைவேலுவின் வேலை. மூன்று வருடங்களாக அவரே மனைவியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவளும் ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனாள்.

இன்று மகளுக்கு வளைகாப்பு. வீட்டுக்குள்ளேயே உலர்த்திய புடவையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி வளையல்களோடு வந்து நின்றாள் தெய்வானை. கொசுவத்தில் ஓடிய சீப்பு நின்றது. அதன் பல்லில் கறுப்பாக ஒரு விதை.

“ஒண்ணு இருந்தா இன்னும் இருக்கும் தெய்வா. பிரசவத்துக்குப் பார்க்கலாம்.”

திருப்பி அனுப்பியதாக எழுத அவர் பதிவேட்டைத் திறந்தார். அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

“தோப்பை வெட்டறப்போ கண்ணை மூடிக்கிட்டீங்கல்ல? எனக்காக இன்னிக்கு ஒரு தடவை மூடிக்குங்க.”