திருப்பிச் சொல்லுங்க, ஓவர்!

"திருப்பிச் சொல்லுங்க, ஓவர்!"

ரேடியோவில் டைலரின் குரல் வந்ததும் பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்று மட்டும் இது நாலாவது தடவை.

காலை ஆறரை மணி. பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, வயர்லெஸ் பைத்தியம் முற்றிப்போன நாலு பேர், அவரவர் வீட்டில் உட்கார்ந்து, சொந்தமாகச் செய்த செட்டில் பேசிக்கொள்ளும் நேரம். யார் என்ன செய்கிறார், யாருக்கு எங்கே வலி, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அந்த அரை மணியில் வந்துவிடும்.

பஸ் டிரைவர் பொறுமையாக மறுபடி சொன்னார். "முட்டி வலி பரவாயில்லைன்னேன். ஆன்டெனா ரெடின்னேன். ஜன்னல் திரை மாட்டற அலுமினியக் கம்பியை அறுத்துப் பண்ணிட்டேன். வீட்டுக்காரி இன்னும் பார்க்கலை. பார்த்தா முட்டியோட போகாது. ஓவர்!"

"கேள்வியெல்லாம் நானும் எழுதி முடிச்சிட்டேன்," என்றார் லைப்ரரி அக்கா. "மொத்தம் பத்து. ஓவர்."

"எத்தனைக்கா? திருப்பிச் சொல்லுங்க, ஓவர்!" மறுபடியும் டைலர்தான்.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். "நண்பர்களே, ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்! எனக்கு ராத்திரி தூக்கமே வரலை!"

பொய்யில்லை. ஞாயிறு காலை விண்வெளி நிலையம் இவர்கள் தலைக்கு மேலே கடக்கப்போகிறது. உள்ளே இருக்கும் வீரர் ஒருவர் இவர்களோடு ரேடியோவில் பேசச் சம்மதித்திருந்தார். எட்டு மாதம் விடாமல் எழுதிப் பிடித்த வாய்ப்பு. மொத்தமே ஒன்பது நிமிஷம். விட்டால் விட்டதுதான்.

அந்த ஒன்பது நிமிஷமும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேலிருந்து வருகிற பதிலைக் கேட்டுச் சொல்லப்போவது யார்? சீட்டுக் குலுக்கினார்கள். டைலருக்கு விழுந்தது. அன்றிலிருந்து டாக்டருக்கு வயிற்றெரிச்சல்.

செட்டை அணைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "மூணு தடவை கூப்பிட்டாச்சு. டீ ஆறிப்போச்சு."

"டீ கிடக்கட்டும். அந்த டைலர் காதை வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை என்ன பண்றது? திருப்பிச் சொல்லுங்கன்னா நின்னு சொல்லிட்டுப் போக விண்வெளி நிலையம் என்ன டவுன் பஸ்ஸா?"

கிளினிக் போகிற வழியில் நேரே தையல் கடைக்குப் போனார். டைலர் மெஷினை நிறுத்திவிட்டு, எழுந்து எதிரே வந்து நின்றார்.

"டைலரே, தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு மாசமா பார்க்கறேன். உங்க காதுல ஏதோ கோளாறு."

டைலர் கோபப்படவில்லை. "இருக்கலாம் டாக்டரே."

"என் கிளினிக்குக்கு நேர் மேல் மாடியிலதான் காது டாக்டர். சாயங்காலம் வாங்க, பார்த்துடலாம். கோளாறுன்னா ஹெட்போன் எனக்கு. சம்மதமா?"

"சம்மதம். ஆனா நீங்களும் கூட வரணும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லில் கை வைக்கும் முன்னாலேயே அலறுகிற ஆட்களை அவர் தினமும் பார்க்கிறவர். "ஊசியெல்லாம் கிடையாதுய்யா. சரி, துணைக்கு வரேன்."

சாயங்காலம் காது டாக்டர், டைலரைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனார். டைலர் விரலைத் தூக்கிக்கொண்டே இருந்தார். வெளியே நின்ற பல் டாக்டரின் மனசு ஏற்கெனவே ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது. வீரருக்கு முதலில் வணக்கம் சொல்வதா, நேரே கேள்விக்குப் போய்விடுவதா?

காது டாக்டர் தாளை உருவி எடுத்துப் பார்த்தார். "பாம்புச் செவி சார் இவருக்கு! ஊசி கீழே விழுந்தா எத்தனாம் நம்பர் ஊசின்னுகூடச் சொல்லிடுவார்."

பல் டாக்டரின் முகம் தொங்கிப்போனது. தாளை வாங்கி, தானே ஒருமுறை பார்த்தார். கோடு ஒரு இடத்திலும் இறங்கவில்லை. ஹெட்போன் போச்சு என்கிற ஏமாற்றம் அப்படியே கோபமாக மாறியது.

"அப்புறம் எதுக்குய்யா தினம் தினம் எங்க உயிரை வாங்கறீங்க? டிரைவர் உங்களைச் செவிட்டு டைலர்னு கேலி பண்றார். லைப்ரரி அக்கா பாவப்படறாங்க. நல்ல காதை வச்சுக்கிட்டு யாருக்காகய்யா இந்த வேஷம்?"

டைலர் கண்ணாடி அறையின் கதவை மூடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். காது டாக்டரிடம், "மெஷினை அணைச்சிடாதீங்க சார்," என்றார். பிறகு பல் டாக்டரின் பக்கத்தில் வந்து, முகத்துக்கு நேரே, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"எல்லாரையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். உங்களை மட்டும் ஒரு நாளாவது சொல்லச் சொல்லியிருக்கேனா டாக்டரே?"