வாளியில் நான்கு நாள்

தொட்டியில் ஏஞ்சல் மீன் மற்ற மீன்களைத் துரத்தித் துரத்திக் கடித்தது. "நாலு நாள் அதத் தனியா வாளில போடுங்க சார். மத்ததுங்க எடத்தப் பிரிச்சுக்கும், அப்புறம் இது வாலாட்டாது" என்று மீன்கடைக்காரர் சொன்னபடியே அருள்தாஸ் செய்தார். ஐந்தாம் நாள் தொட்டியில் விட்டதும் அது நேராகத் தன் கல்லிடுக்குக்குப் போனது. அங்கே குடியேறியிருந்த பொடிமீன் ஒன்று முட்டித் தள்ள, எதிர்க்காமல் காற்றுக்குழாய் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

பதினான்கு வருடம் மஸ்கட்டில் உழைத்துத் திரும்பிய அருள்தாஸ், தன் அறையில் மகள் படிப்பதால் நான்கு மாதமாக ஹால் சோபாவில் படுக்கிறார். அலுப்போடு எழுந்துபோய் ஏஞ்சல் மீனுக்கென ஒரு கல்லைக் கழுவி எடுத்துவந்தார்.

"என்னங்க, இன்னொரு கல்லா? இருக்கிறதுக்கே எடம் பத்தல" என்றாள் மனைவி, மகளின் அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தியபடி.

ஈரக் கல்லோடு அவர் தொட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மீன் நின்றிருந்தது.