கதவின் உள்பக்கம்

அந்த நகரத்துக் கோட்டைக் கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு பழைய ஆணி இருந்தது. எதிரியின் யானை வந்து முட்டாமலிருக்க முதல் ராஜா அடிக்கவைத்த கூரான ஆணி. பிறகு அவர் மகன் மதிலை உயர்த்தினான். பேரன், ஊரைப் பார்த்திருந்த அரண்மனை ஜன்னல்களையெல்லாம் கல் வைத்து அடைத்தான். ஆணி எதையும் கண்டுகொள்ளாமல், யானை வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் கதவின் உள்பக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது.

"யாருப்பா அது?" என்றது பழைய ஆணி.

"புது ஆணி அண்ணே. உங்களை மாதிரிதான், கூரா அடிச்சிருக்காங்க."

"ஊருக்குள்ள ஏது யானை?"

"யானை இல்ல, ஜனங்கதான். கதவுகிட்ட வர்றவங்களைக் குத்தணுமாம்."

பழைய ஆணிக்குச் சந்தேகம் தட்டியது. இவன் எதிரிக்கு விலைபோனவனாகத்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் கொல்லன் வந்தான். துரோகியைப் பிடுங்கத்தான் வந்திருக்கிறான் என்று பழைய ஆணி நிம்மதியடைந்தது. கொல்லனோ பழைய ஆணியையே பிடுங்கினான்.

"வெளியேயிருந்து இப்ப எவன் வர்றான்? இது இங்க சும்மாதானே கிடக்கு" என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டு, உள்பக்கம் கொண்டுபோய் அடித்தான்.

பழைய ஆணி முதல்முறையாக ஊரைப் பார்த்தது. மூட்டை முடிச்சோடு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊரே கதவைப் பார்த்தபடி நின்றிருந்தது.

ஆணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தது. பிறகு புது ஆணியிடம் மெதுவாகச் சொன்னது:

"அப்பன் தோள்ல உட்கார்ந்திருக்கே ஒரு குழந்தை, அதைக் கவனிச்சியா? முழியே சரியில்ல."