பாலத்தில் மட்டும் வரும் மிஸ்ஸிங்

“இதோ வருது பாருங்க தம்பி,” என்றார் அக்கா. பாலத்தின் ஏற்றம் தொடங்கியிருந்தது.

வரவில்லை. இன்ஜின் சமர்த்தாக ஓடியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இந்த அக்காவின் பழைய பிக்கப் என் பட்டறைக்கு வருவது இது நான்காவது தடவை. பிளக் மாற்றினேன். காயில் மாற்றினேன். பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஒவ்வொரு தடவையும் நானே இந்தப் பாலத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தேன். ஒரு விக்கல் கிடையாது. மறுநாளே போன் வரும், பாலத்து மேல மறுபடியும் இன்ஜின் விக்கி, மிஸ்ஸிங் அடிச்சு நின்னுடுச்சு என்று.

பதினெட்டு வருஷமாக இன்ஜினோடு குப்பை கொட்டுகிறேன். என்னையே ஒரு வண்டி ஏய்க்கிறதென்றால் கோபம் வராதா? இன்றைக்கு, நீங்களே ஓட்டுங்க, பார்த்துவிடலாம் என்று சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா விடுதிகளுக்குப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொண்டுபோய்ப் போடுகிறவர். கிளம்பும்போதே சொல்லிவிட்டார்:

“பத்து மணிக்கு நான் வீட்ல இருந்தாகணும். வழியில நின்னுச்சுன்னா என் கதை முடிஞ்சுது.”

டாஷ்போர்டு கடிகாரத்தில் 9:38. அதை அவர் நொடிக்கொரு தரம் பார்த்ததில், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்தின் முதல் இணைப்பு இரும்பில் சக்கரம் ஏறி இறங்கியது. தடக்.

இன்ஜின் விக்கியது.

அடுத்த இணைப்பு. தடக். இந்தத் தடவை இரண்டு விக்கல். வண்டி குலுங்கி, முக்கி, நின்றுவிடப் பார்த்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“நின்னுடாதடி, தாயே, நின்னுடாதடி,” என்று வண்டியிடம் கெஞ்சினார் அக்கா. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சிலிண்டர் மட்டும் தவறுகிற சத்தம் இல்லை இது. நாலும் ஒன்றாகச் செத்து ஒன்றாகப் பிழைத்தன. மூன்றாவது தடக்கில்தான் கண்ணில் பட்டது. விக்குகிற அதே நொடியில் டாஷ்போர்டு விளக்கெல்லாம் அணைந்து எரிந்தது.

அட மடையா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிளக் போனால் டாஷ்போர்டு விளக்கு ஏன் அணைகிறது? கரண்டே மொத்தமாக அறுபடுகிறது.

சாவி போடும் இடத்தைப் பார்த்தேன். வண்டிச் சாவியிலிருந்து ஒரு கொத்து தொங்கியது. கொத்தா அது! பாக்குக் குலை மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடக்குக்கும் அது ஆடி, தேய்ந்துபோன சுவிட்சைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது.

எட்டி, அதன் அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினேன். தடக். இன்ஜின் அசரவில்லை. கையை எடுத்தேன். விக்கியது. மறுபடியும் தாங்கினேன். வெண்ணெயாக ஓடியது.

பட்டறைக்கு வரும்போதெல்லாம் அக்கா வண்டிச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து உருவி என்னிடம் தருவார். மீதியைக் கையில் பொத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். பிறகு நான் ஓட்டினால் எங்கிருந்து வரும் இந்தக் கோளாறு?

கண்டுபிடித்த சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“என்னக்கா, ஜெயில் வார்டன் மாதிரி இத்தன சாவி? வீட்லயே மாட்டிட்டு வர வேண்டியதுதானே!”

அக்கா சிரிக்கவில்லை. சாலையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“வீட்ல பொண்ணு இருக்கா தம்பி.”

“இருந்தா என்ன? பத்திரமா எடுத்து வைக்கப் போகுது.”

அவர் ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, என் உள்ளங்கையில் கிடந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“இது மொட்டை மாடி. இது மருந்து அலமாரி. இது கத்தி போடற டிராயர்.”

மற்றதையெல்லாம் தொட்டார், சொல்லவில்லை.

“போன மாசம்தான் ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வந்தேன். பதினேழு வயசு. இப்ப பக்கத்து வீட்டம்மா கூட உக்காந்திருக்காங்க. பத்து மணிக்கு அவங்க வேலைக்குக் கிளம்பிடுவாங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனுஷியையா மூன்று தடவை பட்டறையில் மணிக்கணக்காக உட்காரவைத்தேன்? கையை மட்டும் கொத்துக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை.

பாலம் இறங்கியதும் ஓரங்கட்டச் சொன்னேன். வண்டிச் சாவியைத் தனியாக உருவிப் போட்டுவிட்டுக் கொத்தை அவர் மடியில் வைத்தேன். சுவிட்சை நாளைக்கு வீட்டு வாசலுக்கே வந்து மாற்றித் தருகிறேன் என்றேன். 9:47.

என்னைப் பட்டறையில் இறக்கிவிட வண்டியைத் திருப்பப் பார்த்தார். போக வர இருபது நிமிஷம் ஆகும். கதவைத் திறந்துகொண்டு குதித்தேன்.

“இனிமே நிக்காதுல்ல தம்பி?”

“நிக்காதுக்கா. நான் சொல்றேன். கிளம்புங்க!”

பாலத்தின் மேலேயே திரும்பி நடந்தேன். சுள்ளென்ற வெயில். லாரிகள் உரசிக்கொண்டு போயின. பத்து மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கையில் போன் வந்தது.

“வந்துட்டேன் தம்பி,” என்றார் அக்கா. மூச்சு வாங்கியது அவருக்கு.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“அம்மா, பசிக்குது.”

“இதோ... இதோ வந்துட்டேன்டா கண்ணு,” என்று ஓடினார். போனை அணைக்க மறந்துவிட்டார்.

நானும் அணைக்கவில்லை.