குளியலறைக் கயிறு

2018 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை பிற்பகல், வெனிஸ் நகரில் ஒரு சிறிய விடுதியின் இருபத்திரண்டாம் எண் அறையில் யாரோ குளியலறைக் கயிற்றை இழுத்தார்கள்.

கீழே வரவேற்பு மேசையில் மணி அடித்தது. சுவர்ப் பலகையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மேசையில் இருந்த துல்லியோ கால்பந்துச் செய்தியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உன் ஆளுங்க துணி காயப்போட ஆரம்பிச்சிட்டாங்க, லொரெ."

சுற்றுலாக் குழுவை அழைத்து வந்த லொரெதானா சிரிக்கவில்லை.

குளிக்கும் இடத்துக்கு மேலே அந்தக் கயிறு தொங்க வேண்டும் என்பது சட்டம். வழுக்கி விழுந்தவர் இழுத்தால் ஆள் வர வேண்டும். இத்தாலிக்கு முதல் தடவை வருகிறவர்கள் அதை விளக்குக்கு என்று நினைத்து இழுப்பார்கள். ஈரக் காலுறையைத் தொங்கவிடுவார்கள். அவள் அழைத்து வரும் குழுக்களில் எல்லோரும் ஒரு தடவை இழுப்பார்கள். இரண்டாம் தடவை இழுத்தவரை அவள் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் குழுவில் வந்த மெர்வின் ரோமில் இழுத்தார். சியெனாவில் இழுத்தார். பொலோன்யாவில் இழுத்தார். ஒவ்வொரு முறையும் ஓடி வந்தவர்களிடம் அதே சிரிப்பு, அதே மன்னிப்பு.

அவருடைய மனைவி நோலீன் இப்போது லொரெதானாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றித்தான் பேச வந்திருந்தாள்.

"அவரோட அப்பாவுக்கும் இப்படித்தான்மா ஆரம்பிச்சுது. திறந்த குழாயையே திரும்பத் திரும்பப் போய்த் திறப்பாரு. கடைசியில என்னை யாருன்னு கேட்டாரு."

குழுவில் யாருக்காவது நினைவு தப்புகிறது என்று தெரிந்தால், லொரெதானா அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவர்கள் இருவரின் பயணமும் இங்கேயே முடியும். வெனிஸில் வேறு வழியும் இல்லை. சந்துக்குச் சந்து தண்ணீர். பாதிக் கரைகளில் கைப்பிடிச் சுவர் கிடையாது.

"ஆபீஸுக்குச் சொல்லிடாதே. முப்பது வருஷமா போகலாம் போகலாம்னு சொல்லி இப்பத்தான் வந்திருக்கோம். அவர்கிட்டயும் கேட்டுடாதே, உடைஞ்சு போயிடுவாரு."

மணி நிற்கவில்லை.

நோலீன் காதுக் கருவியை விரலால் சரிசெய்துகொண்டு பலகையை அண்ணாந்து பார்த்தாள். எண்ணைப் படித்ததும் அவள் முகம் வெளுத்தது.

"எங்க ரூம்."

"இழுத்து அலுத்ததும் அவரே விட்டுடுவாரு, அம்மா," என்றான் துல்லியோ. "எனக்கு முட்டி வலி. ஒவ்வொரு காலுறைக்கும் ரெண்டு மாடி ஏற முடியுமா?"

லொரெதானா காப்பியை வைத்துவிட்டு எழுந்தாள். நோலீனைக் கையமர்த்தி உட்காரச் சொன்னாள். முதல் மாடிவரை நடந்தாள். அதற்கு மேல், ஏனென்று தெரியாமல், ஓடினாள்.

அறைக் கதவு தாழிடப்படவில்லை.

மெர்வின் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கோட்டு, தொப்பி, காலணி எல்லாம் போட்டிருந்தார். தரை உலர்ந்திருந்தது. ஒரு கையில் கயிறு. மற்றக் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

"நீ கீழே இருந்ததால வந்தே. இல்லைன்னா யாரும் வந்திருக்க மாட்டாங்க, இல்லையா?"

லொரெதானா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"ரோம்ல உடனே வந்தாங்க. சியெனால கொஞ்சம் நேரமாச்சு, பரவாயில்லை. பொலோன்யாதான் இருக்கறதுலயே நல்லா இருந்துச்சு." கயிற்றை விட்டுவிட்டு, சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். உள்ளே சிறிய மாத்திரைப் புட்டி ஒன்று கிலுகிலுத்தது. "நெஞ்சு. டாக்டர் போகவே வேணாம்னாரு. ராத்திரியில நோலீன் காது மெஷினைக் கழட்டி வச்சிடுவா. நான் விழுந்தாலும் கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. இந்தக் கயிறு ஒண்ணுதான்."

கீழே மணி நின்றிருந்தது.

"அவளுக்குச் சொல்லிடாதே. இந்த ஊரைப் பார்க்காம அவளைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியாது."

லொரெதானா கீழே வந்தாள். நோலீன் படிக்கட்டின் அடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சொல்லும்மா. மறக்குதா?"

"இல்லை," என்றாள் லொரெதானா. "அவர் எதையும் மறக்கலை."

நோலீன் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த மனுஷனுக்கு விளையாட்டுப் புத்தி போகவே போகாது என்று சிரித்தாள்.

லொரெதானா அலுவலகத்துக்கு எதுவும் சொல்லவில்லை. மேல் மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று நோலீனிடம் சொல்லி, இருவரையும் பாலத்துக்கு அப்பால் வேறொரு விடுதிக்கு மாற்றினாள். துல்லியோ தோளைக் குலுக்கினான். கால்வாய் தெரியும் ஜன்னல் போனதில் நோலீனுக்கு வருத்தம். புதிய அறை முற்றத்தைப் பார்த்தது.

மெர்வின் பெட்டியோடு மேலே போனார். பெண்கள் இருவரும் கீழே காப்பி சொன்னார்கள். காப்பி வருவதற்குள் மணி அடித்தது.

"பார்த்தியா?" என்றாள் நோலீன். "இழுக்கட்டும் விடு."

மேசையில் இருந்த பெண் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

லொரெதானா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.