மொட்டை மாடியில் ஒரு திருட்டு

"திருடன் இந்தச் செவுத்தத் தாண்டித்தான் சார் வரான்" என்று பக்கத்து வீட்டு மொட்டை மாடியைக் காட்டினார் லோகநாதன். "ஒரு சாமானையும் தொடறதில்ல. கரண்ட்ட மட்டும் உறிஞ்சிகினு வந்த வழியே போயிடறான்."

ஆய்வுக்கு வந்த அதிகாரி இராஜமாணிக்கம், படியேறி வந்த மூச்சு அடங்கட்டும் என்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார். திருவண்ணாமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஆரணிக்கு வந்தவர் அவர். வந்த இடத்தில் போலீஸ் வேலையும் பார்க்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"உக்காருங்க சார்" என்று கையிலிருந்த போர்வையை நாலாக மடித்துப் போட்டாள் லோகநாதனின் மனைவி திலகவதி. அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாடிக்கு ஓடி வந்துவிட்டவள் அவள்.

பதற்றம் இருக்காதா பின்னே? வீட்டு மாடியில் சோலார் விளக்கு போட்டால் பாதி விலை அரசாங்க மானியம். ஆனால் ஒரு மாதம் கழித்து அதிகாரி நேரில் வந்து பார்த்து, விளக்கு எரிகிறது என்று எழுதினால்தான் அது கைக்கு வரும்.

அதுவரைக்கும் முழு விலையைக் கட்டத் திலகவதியின் கம்மல் சேட்டு கடைக்குப் போயிருந்தது. மானியம் வந்த மறுநாளே மீட்டுத் தருவதாக லோகநாதன் சத்தியம் செய்திருந்தார். காதில் ஈர்க்குச்சியோடு அவள் ஒரு மாதமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை.

விளக்கு போட்ட புதிதில், கரண்ட் கட்டான நேரத்தில் தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. லோகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. நாலாம் நாள் அணைந்ததுதான், அப்புறம் கண்ணே திறக்கவில்லை.

"கடைக்காரன் தீனாவக் கூப்ட்டுக் கேட்டேன் சார். வெயில் பத்தலன்றான். ஆரணியில வெயில் பத்தலியாம்! அவன அடிக்காம அனுப்பினதே பெரிசு."

"பகல்ல நீங்க மேல வந்து பாக்கறதில்லியா?"

"எங்க சார்? காலைல ஆறு மணிக்குத் தறிக்குப் போனா இருட்டினப்புறம்தான் வூடு. இன்னிக்கே அரை நாள் லீவு சொல்லிட்டு, தறியிலேருந்து நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துதான் உங்களக் கூட்டியாந்தேன்."

மாடியின் மறுபாதியில் கீற்றுப் பந்தல். அதன் கீழே மூங்கில் கழிகளில், சாயம் ஏற்றிய பட்டு நூல் அரக்கிலும் மயில் நீலத்திலும் தொங்கிக்கொண்டிருந்தது. அதிகாரி குனிந்து அதைக் கடந்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் வெயில் கொளுத்துது. இத எதுக்கு நிழல்ல காயப் போட்டுகினு இருக்கீங்க?"

"ஐயோ, வெயில் பட்டா கலரே வெளுத்துப்பூடும் சார்! நான் சாயக்காரர் வூட்டுப் பொண்ணு, எனக்குத் தெரியாதா?"

"உன் நூல் கதைய அப்பறம் பேசு மே. சாருக்கு பஸ்ஸு போயிடும்" என்று அடக்கினார் லோகநாதன்.

அதிகாரி பையிலிருந்து மீட்டரை எடுத்து சோலார் பிளேட்டில் வைத்தார். ஒரு மாதம் ஆனதாகவே தெரியாமல் பிளேட் நீலமாக மின்னியது. மீட்டர் முள் துள்ளி எழுந்தது. கீழே இறங்கிப் போய் பேட்டரியில் வைத்தார். முள் படுத்தே கிடந்தது.

"கடையில ஏத்திக் குடுத்த சார்ஜுதான் மூணு நாள் எரிஞ்சிருக்கு. அதுக்கப்பறம் துளிகூட ஏறல" என்றார் அதிகாரி.

"நான்தான் சொன்னேனே சார், திருட்டுன்னு!"

மறுபடியும் மேலே ஏறி, ஒயரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, கொக்கி போட்ட தடமும் இல்லை. சத்தம் கேட்டுப் பக்கத்து மாடியிலிருந்து அய்யனார் எட்டிப் பார்த்தார்.

"சாமி சத்தியமா நான் இல்லீங்க சார். எங்க வூட்ல இருக்கறது அரிக்கேன் வெளக்கு."

"எந்தத் திருடன் சார் டியூப் லைட்டப் போட்டுகினு திருடுவான்?" என்றார் லோகநாதன்.

அதிகாரிக்குத் தலை சுற்றியது. விரல் விட்டு எண்ணினார். "பிளேட் சரி. மூணு நாள் எரிய வெச்ச பேட்டரியும் சரி. ஒயர் சரி. வெயிலும் சரி. அப்ப ஏன்யா எரியல? என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு பேஜார நான் பாத்ததே இல்ல."

திரும்பிப் போகவேண்டிய பஸ் நினைவுக்கு வர, அவர் யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பேனாவைத் திறந்தார். படிவத்தில் எழுதியபடியே வாய்விட்டும் படித்தார்: "விளக்கு எரியவில்லை. பயனாளி சரிவரப் பராமரிக்கவில்லை. எனவே மானியம்..."

லோகநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திலகவதியின் கை தானாகக் காதுக்குப் போனது. கம்மல் போனதைக்கூடத் தாங்கிக்கொள்வாள் போலிருந்தது. பராமரிக்கவில்லை என்ற அந்தச் சொல்லை மட்டும் அவளால் தாங்கவே முடியவில்லை. பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டாள் என்று யாரோ பழி சொன்னதுபோல் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதிகாரியின் முன்னால் வந்து நின்றாள்.

"வாங்கின நாள்லேருந்து இது மேல ஒரு பொட்டு வெயில் பட வுட்டதில்ல சார்!"