திருப்பி அனுப்பப்பட்டது

"எங்கம்மா அனுப்பினதையே திருப்பி அனுப்பிட்டியா?"

அறை வாசலில் நின்று கேட்டான் கணவன். மனைவி மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"காரணம் எழுதியிருக்கேன். அத்தை படிச்சிருப்பாங்க."

"பத்தடி தள்ளி சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்திருக்காங்க. வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"ஹால்ல பேசறது, அடுத்த வருஷம் எங்கேயோ உட்கார்ந்து படிக்கிறவங்களுக்குக் கேட்காது. எதுவா இருந்தாலும் எழுத்துலதான். எட்டாவது விதி."

அவள் நடத்தி வந்தது, மாத்திரை வேளையை மணி அடித்து நினைவூட்டும் இலவசக் கைபேசிச் செயலி. யார் வேண்டுமானாலும் அதன் நிரலுக்குத் திருத்தம் அனுப்பலாம்; ஏற்பதும் மறுப்பதும் மருமகளின் பொறுப்பு. திருத்தங்கள் தாறுமாறாக வரத் தொடங்கியதால், சென்ற மாதம் பதினோரு விதிகளை எழுதி வெளியிட்டிருந்தாள். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்ற குறிப்பு இல்லாமல் எதுவும் உள்ளே வராது என்பது முதல் விதி.

மாமியார் முப்பது ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவர். ஆறு மாதமாக நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, இன்றுதான் தம் முதல் திருத்தத்தை அனுப்பியிருந்தார். மாலை ஆறு மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் ஏற்கப்பட்டால் அவருடைய திருத்தமும் அதில் போகும். தவறினால் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

திருத்தத்தோடு அவர் முதலில் எழுதிய குறிப்பு: 'பிழை திருத்தம்.'

மருமகளின் பதில்: 'எந்தப் பிழை? திருப்பி அனுப்பப்பட்டது.'

"விடும்மா, நான் எழுதித் தரேன்" என்றான் மகன்.

"நீ சும்மா இருடா. கேட்டது நியாயமான கேள்விதானே?"

இரண்டாவது குறிப்பு பத்தே நிமிடத்தில் போயிற்று. 'அன்புள்ள மருமகளுக்கு' என்று தொடங்கி, கடையில் பார்த்த நோயாளிகளின் கதைகள் இரண்டைச் சொல்லி, 'இப்படிக்கு' என்று முடிந்திருந்தது.

'இது கடிதம். என்ன செய்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். திருப்பி அனுப்பப்பட்டது.'

மகனுக்குப் பொறுக்கவில்லை. மீண்டும் அறைக்குப் போனான்.

"வயசுக்காவது மரியாதை கொடுக்கக் கூடாதா? ரெண்டு வார்த்தை மாத்திப் போட்டா நீ தேய்ஞ்சா போயிடுவே?"

"மணி அஞ்சே கால்தான் ஆகுது. அத்தை அனுப்புவாங்க."

அவள் கால் மேஜைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

மூன்றாவது குறிப்பு கச்சிதமாக இருந்தது. ஆனால் உற்சாகத்தில் மணியின் ஓசையையும் கூடவே மாற்றி அனுப்பியிருந்தார்.

'ஒரு குறிப்புக்கு ஒரு மாற்றம். ஓசையைத் தனியாக அனுப்புங்கள். திருப்பி அனுப்பப்பட்டது.'

"தப்புத் தப்பா தட்டறியேம்மா. போதும், மூடி வை."

"குஷியில வர்ற தடுமாற்றம்டா. கடையில முதல் நாள் பூட்டைத் திறந்தப்பவும் இப்படித்தான். தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே."

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். செயலியின் பழைய குறிப்புகளைத் திறந்து சிலவற்றை நிதானமாகப் படித்தார். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

'தவறிய வேளைக்கு மூன்று முறைக்கு மேல் மணி அடிக்காது. விடாமல் அடித்தால் எரிச்சலில் செயலியையே அணைத்துவிடுகிறார்கள். அதன்பின் எந்த வேளைக்கும் மணி இல்லாமல் போகிறது.'

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினார்.

ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு. மகன் சுவர்க் கடிகாரத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

ஐம்பத்தைந்துக்குத் திரையில் பச்சை விளக்கு. 'ஏற்கப்பட்டது. இதைப் படித்தபின் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை.'

மாமியார் எழுந்தார். மேஜையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்து மறுபடியும் உட்கார்ந்தார். அறையிலிருந்து ஓடி வந்த மருமகள், பின்னாலிருந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"இப்ப ஹால்ல பேசலாமா?" என்றார் மாமியார்.

"தாராளமா, அத்தை."

மகனுக்கு மட்டும் ஆறவில்லை. "இப்ப கொஞ்சறே. மூணு தடவை அலைய விட்டியே! நானும்தான் உன் செயலிக்குப் படம், பொத்தான்னு வரைஞ்சு அனுப்பறேன். ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? எங்கம்மான்னா இளக்காரமா?"

"உனக்கு ஏன்டா திரும்பி வரப் போகுது?" என்றார் அம்மா பெருமையோடு. "உன் பேர்ல இருக்கிற குறிப்புகளைப் படிச்சுத்தான் எனக்கே பிடிபட்டது. என்னமா எழுதியிருக்கே! ஒரு வார்த்தை கூடுதல் இல்ல, குறைச்சல் இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. அனுப்பியவற்றைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. ஆசையோடு குனிந்து, கடைசியாகத் தன் பெயரில் இருந்ததைத் திறந்தான்.

சென்ற வாரம் அவன் அனுப்பியது 'சின்ன மாற்றம்' என்ற இரண்டே சொற்கள்தான். அங்கே நான்கு வரிகள் இருந்தன. பொத்தான் ஏன் பெரிதாயிற்று, எந்த வயதினரின் விரலுக்காக என்று எல்லாம் தெளிவாக. அதற்கு முந்தையதைத் திறந்தான். அதற்கும் முந்தையதை. இருபத்து மூன்றில் ஒன்றுகூட அவன் எழுதியது இல்லை.

மெல்ல நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

அம்மாவுக்குக் கேட்காதபடி அவள் தணிந்த குரலில் சொன்னாள்:

"திருப்பி அனுப்பினா அத்தை திருத்துவாங்க. நீங்க கோவிச்சுக்குவீங்க."